மேல்கணக்குக்கு ஒரு கியர் லீவர்

இல. 41, மேல்கணக்கு,
மூங்கிலோயாத் தோட்டம்,
மஸ்கெலியா.
28.01.2024

அன்புள்ள தம்பி மதுரனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே அறிவித்துவிடுகிறது. உன் உடம்பு எப்படி? இருமல் நின்றதா?

மேலே எழுதியிருக்கும் முகவரியை இன்னொரு தடவை பார். எழுத்துப் பிழை இல்லை. தோட்டத்தின் மேல்பிரிவான நம் மேல்கணக்கில் அறுபத்து நான்கு வீட்டுக்கும் இலக்கம் போட்டுவிட்டார்கள். நமக்கு 41. கதவில் நீலப் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனார்கள், நாலு மட்டும் கொஞ்சம் வழிந்துவிட்டது. இதுவரை நம் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே யாராவது மனசு வைத்தால் லயத்து வீடுகளுக்கு வரும் அல்லவா? பெப்ரவரி முதலாம் தேதியிலிருந்து வாசலுக்கே வரும். ஆறு மாதம் சோதனை. கொண்டுவரும் ஆள் நான். தற்காலிக வேலைதான், சீருடைகூட இல்லை.

தபால் பரிசோதகர் மாத்தயா இரண்டு விஷயம் பார்ப்பாராம். வீட்டு இலக்கம் போட்ட தபால் நாளொன்றுக்குச் சராசரி பன்னிரண்டாவது வர வேண்டும். ஒன்பது மணிக்குச் சந்தித் தபாலகத்திலிருந்து கிளம்பும் நான், ஒரு மணி பஸ்ஸில் தபால் பை போவதற்குள் திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எல்லாம் பழையபடி ஆபீசுக்கே போகும். வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்வேன். கடிதம் மறுபடி ஆபீசுக்குப் போகக் கூடாது. அதுதான் எனக்கு முக்கியம்.

அவர்கள் கொடுத்த சிவப்பு சைக்கிளை மேல்கணக்கு ஏற்றத்தில் நான் ஓட்டவில்லை, அது என்னைத் தள்ள வைக்கிறது. அதனால் ஹட்டனில் கியர் வைத்த பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்று வாங்கினேன். கியர் மாற்றும் லீவர் உடைந்திருக்கிறது. லேசான லீவராக ஒன்று பார்த்துச் சொல். சைக்கிள் கடையில் நாள் முழுக்க அதையேதானே செய்கிறாய்.

ஒரு நிபந்தனை. பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. முத்திரை ஒட்டி, 41 என்று போட்டுத் தபாலில் எழுது. உன் கடிதமும் கணக்கில் ஒன்று. வெறும் தாளை மடித்து அனுப்பிவிடாதே, விஷயம் இருக்க வேண்டும்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.
அன்புடன் அக்கா,
வினோதா

*

கொழும்பு
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். என் இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பேனா பிடித்துக் கடிதம் எழுதி எவ்வளவு காலம்! கை வலிக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தக்கூடிய லீவர் நான்கு வகை. முதலாவது, ஹேண்டிலுக்குக் கீழே இருந்து விரலால் தட்டுவது, தட்டினால் 'டிக்' என்று கியர் விழும். வலது பக்கம் மட்டும் நூற்றுப் பதினெட்டு கிராம். இரண்டாவது, கைப்பிடியையே திருகுவது. தொண்ணூற்றாறு கிராம். மூன்றாவது, ஹேண்டிலுக்கு மேலே பெருவிரலால் தள்ளும் பழைய மாடல். அறுபத்தெட்டு கிராம். நான்காவது, சைக்கிளின் சாய்ந்த குழாயில் பூட்டும் சின்ன லீவர். வெறும் முப்பத்தொரு கிராம்! லேசானது வேண்டும் என்றால் அதுதான். உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. கடைக்கு வரும் ஒரு டாக்டர் மாத்தயா அதில்கூட ஓட்டை போட்டு இன்னும் இரண்டு கிராம் குறைக்கச் சொன்னார். குறைத்தும் கொடுத்தேன். அவர் வயிற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வாசலுக்குத் தபால் வருவது நல்ல காரியம். ஏழு வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். தேசிய சைக்கிள் அணித் தெரிவுப் பந்தயம் சனிக்கிழமை முடிந்தது. அதற்கு வரச் சொன்ன கடிதம் என் கைக்கு வந்தது திங்கட்கிழமை. அதை விடுங்கள்.

பாதையின் நிலை, நீங்கள் தூக்கும் பாரம், எந்தக் கையில் என்ன பிடிக்கிறீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.
தம்பி,
மதுரன்

*

மேல்கணக்கு
18.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால் கட்டிலிருந்து நானே பிரித்தெடுத்து, நானே மலையேற்றி, நானே வீட்டுக் கதவைத் தட்டி அம்மாவிடம் கொடுத்தேன். "யாருக்குடி கடிதாசி?"ன்னு அம்மா கேட்க, "41ஆம் நம்பருக்குங்க"ன்னு சொன்னேன். இருவரும் சுகம்.

நீ கேட்டதற்குப் பதில். பாதை: சந்தியிலிருந்து தொழிற்சாலை வரை தார், அதற்கு மேல் கொங்கிறீட், கோயில் திருப்பத்துக்கு அப்புறம் கல்லும் குழியும். பாரம்: பை நாலு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை, பார்சல் இருந்தால் கூடும். கை: இடது கையில் கடிதக் கட்டு. வலது கை மட்டும்தான் கியருக்கும் பிரேக்குக்கும். மழை நாளில் பிளாஸ்டிக் கையுறை.

அதனால் உன் முப்பத்தொரு கிராம் எனக்கு வேண்டாம். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலை விட்டுக் குனிந்து காலுக்கு நடுவே கையை நீட்டினால், நேராகக் காளியாயி வீட்டுக் கூரையில்தான் போய் இறங்குவேன். திருகும் பிடியும் வேண்டாம், கையுறையோடு வழுக்கும். மற்ற இரண்டில் சேறு பட்டாலும் வேலை செய்வது எது? இன்னொன்று, ஒரு கடிதம் இருபது கிராம். நீ எவ்வளவு குறைக்கிறாயோ அவ்வளவுக்கு நான் கடிதம் கூடக் கொண்டுபோவேன். உன் டாக்டர் மாத்தயா மாதிரி காற்றைக் கொண்டுபோக மாட்டேன்.

12ஆம் நம்பர் காளியாயிக்குச் சேமலாப நிதியிலிருந்து கடிதம் வந்தது. அறுபத்தேழு வயதில் அவர் பேருக்கு வாசலில் வந்த முதல் கடிதம். படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். மறுநாளும் வாசலில் நின்று, "எனக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லியா புள்ள?"ன்னு கேட்கிறார். தினமும் கேட்கிறார். 30ஆம் நம்பர் அழகன் ஹட்டனுக்குப் போய், கணக்கைக் கூட்டத் தன் வீட்டுக்கே ஏழு வெறுங்கடிதம் போட்டிருக்கிறான். அந்த வெறும் தாளுக்கும் நான் மூச்சு வாங்கினேன். நல்லா ஏசிவிட்டேன்.

இதுவரை சராசரி ஒன்பது. திரும்பும் நேரம் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன், சில நாள் ஐந்து நிமிஷம் பின். அந்த நாட்களில் பஸ் டிரைவர் காத்திருக்கிறார். எத்தனை நாள் காத்திருப்பார்?

நன்றாகத் தூங்கு. பதில் போடு.
அக்கா

*

கொழும்பு
10.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வாரம் எழுதாததற்கு மன்னிக்கவும். லீவரைச் சோதித்துப் பார்க்காமல் எழுத விருப்பமில்லை.

கொழும்பில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாடிக்கையாளர்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப் பக்கம் போவோம், நான் மெக்கானிக்காக. போன ஞாயிறு கித்துல்கலையில் இறங்கினோம். உங்கள் சைக்கிள் மாதிரியே ஒன்றில் பெருவிரல் லீவரைப் பூட்டி, கேபிளில் வேண்டுமென்றே சேற்றைப் பூசி, பையில் ஆறு கிலோ கல்லைப் போட்டுக்கொண்டு பொல்பிட்டிய வழியாகக் கினிகத்தேனை வரை ஏறினேன். கையுறையும் போட்டிருந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முடிவு இதுதான். விரலால் தட்டும் லீவர் சேறு பட்டதும் கியரைத் தவறவிடுகிறது. 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், செயின் நகராது. பெருவிரல் லீவருக்கு 'டிக்' கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று விரல்தான் தீர்மானிக்கும். செயின் உரசினால் ஒரு நூல் அளவு தள்ளினால் போதும். கேபிள் இழுபட்டாலும் விரல் சரிசெய்துகொள்ளும். கையுறையில் வழுக்காமல் இருக்கப் பழைய டியூப்பில் ஒரு துண்டு வெட்டி லீவருக்கு உறை போட்டேன். நன்றாகப் பிடிக்கிறது.

இடது பக்கத்துக்கு லீவரே வேண்டாம். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரத்தில் சின்னதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும், அவற்றுக்குச் செயினைத் தள்ளும் பாகத்தையும், அதன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். நானூறு கிராம் போய்விடும். இருபது கடிதம்!

கினிகத்தேனையிலிருந்து திரும்பிவிட்டேன். வான் கீழே நின்றது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
மதுரன்

*

மேல்கணக்கு
17.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

பெருவிரல் லீவரே இருக்கட்டும். அறுபத்தெட்டு கிராம். இடது பக்கம் ஒன்றுமில்லை. அனுப்பிவிடு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கினிகத்தேனை என்று வந்ததும், "அங்கேருந்து இங்கே பஸ்ஸுல எவ்வளவு நேரம்?"ன்னு கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். நீ வந்து நாலு வருஷமாகிறது.

இந்த மாதச் சராசரி பதினொன்று. நேரம்தான் பிரச்சினை. போன வாரம் இரண்டு நாள் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. தபால் அதிபர் நிரோஜினி குறித்துக்கொண்டார். நல்ல பிள்ளைதான், ஆனால் குறிக்காமல் விடமாட்டார்.

சீக்கிரம் அனுப்பு.
அக்கா

*

கொழும்பு
31.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம்.

வியாழக்கிழமை பார்சல் போட்டுவிட்டேன். லீவர், புதுக் கேபிள், டியூப் உறை, அம்மாவின் தைலம் எல்லாம் இருக்கின்றன. பூட்டும் விதத்தைத் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். லீவரின் திருகாணியை ரொம்ப இறுக்காதீர்கள், பெருவிரல் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு. அதை இரண்டு தடவை செய்து பார்த்தால் கை பழகிவிடும்.

நீங்கள் கேட்காததற்கும் பதில் எழுதலாம் என்று பார்த்தேன், வார்த்தை வரவில்லை. இன்னொரு தடவை எழுதுகிறேன்.

புதுவருஷத்துக்குக் கடை மூன்று நாள் பூட்டு. எங்கும் போகவில்லை.
உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மதுரன்

*

மேல்கணக்கு
28.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. பார்சல் வரவில்லை. ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி, புதுவருஷம் கழிந்தும் வரவில்லை. ஹட்டனில் விசாரித்தேன், அங்கிருந்து எப்போதோ அனுப்பிவிட்டார்களாம். இந்த மாதத்தில் மட்டும் பஸ் என்னை ஐந்து தடவை விட்டுவிட்டுப் போனது. பரிசோதகர் மாத்தயா தொலைபேசியில் நிரோஜினியிடம், அந்தப் பெண்ணுக்கு முடியாதென்றால் இப்போதே நிறுத்திவிடலாம் என்று சொன்னாராம்.

முந்தாநாள் ஆபீசுக்குத் தோட்டத்துத் தபால் பையைக் கொண்டுபோனேன். கிளாக்கர் டக்ளஸ் ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஏம்மா, உன் பேருக்கு ஒரு பார்சல் கிடக்குதே, யாரும் சொல்லலியா?" என்றார். மேசைக்கு அடியில், உர மாதிரிப் பொட்டலங்களுக்கும் போன வருஷத்துக் கலண்டர்களுக்கும் நடுவில் கிடந்தது. மேலே உன் கையெழுத்து: 'வினோதா, மே/பா. துரை அவர்கள், மூங்கிலோயாத் தோட்டம்.'

41 இல்லை. மேல்கணக்கு இல்லை. தோட்ட மனேஜர் துரையின் மேற்பார்வையில்!

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து எழுதி எழுதி, பார்சல் என்றதும் உன் கை தானாகவே 'மே/பா. துரை' என்று எழுதிவிட்டது. எனக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை, வங்கிப் படிவத்தில் இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன். முகவரியில் துரை என்று இருப்பதால் நிரோஜினி அதை ஆபீஸ் பையில் போட்டுக் கட்டியிருக்கிறார். கட்டிய பையை நான் பிரிக்கக் கூடாது. ஏப்ரல் முதலாம் தேதி அந்தப் பையை முதுகில் போட்டு மலையேற்றி ஆபீஸில் வைத்துவிட்டு வந்தது நானேதான்.

டக்ளஸ் ஐயா மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை. யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்தனுப்பலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார், புதுவருஷம் வந்தது, மறந்துவிட்டார். குனிந்து அதை எடுத்ததும் டக்ளஸ் ஐயாவுக்கு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியாது. இன்று எழுதிவிடுகிறேன்.

2017இல் நான் அந்த ஆபீஸில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தேன். உன்னைத் தெரிவுக்குக் கூப்பிட்ட கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பந்தயத்துக்கு எட்டு நாள் இருந்தது. லயத்துக்குப் போகும் கங்காணியிடம் கொடுக்கும் கட்டில் போட்டிருந்தால் அன்று சாயந்தரமே உனக்கு வந்திருக்கும். நம் வீட்டுக் கடிதமாயிற்றே, நானே கையில் கொடுத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியே எடுத்து என் மேசை லாச்சியில் வைத்தேன். அன்று பூண்டுலோயாவில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரக் கல்யாணம். ஆபீஸ் விட்டு நேரே பஸ் ஏறினேன். புடவை நினைப்பு, வளையல் நினைப்பு. ஒன்பது நாள் அங்கே இருந்தேன், சிரித்துக்கொண்டு. திங்கட்கிழமை லாச்சியைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் வந்துச்சு"ன்னு சொல்லி உன்னிடம் கொடுத்தேன். நீ உறையைப் பார்த்தாய், மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். அடுத்த மாதம் கொழும்புக்குப் போய்விட்டாய். ஊர் முழுக்க ஆபீஸைத் திட்டியது, நானும் சேர்ந்து திட்டினேன். ஏழு வருஷமாகத் திட்டுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்க முடியாது. தாளில்தான் முடிந்தது. நீ என்ன எழுதினாலும் சரி. எழுது.

அக்கா,
வினோதா

*

மேல்கணக்கு
19.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். தைலம் நல்ல குணம் என்கிறார். நீ சுகமா?

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. நான் கேட்கவில்லை.

லீவரைப் பூட்டிவிட்டேன். படம் நன்றாக இருந்தது. முதல் வாரம் செயின் இரண்டு தடவை கழன்று கையெல்லாம் கறுப்பு. இப்போது பெருவிரலுக்குத் தெரிகிறது. கோயில் திருப்பத்தில் இறங்குவதே இல்லை. முழுச் சுற்றும் முடித்துச் சந்திக்கு வரப் பன்னிரண்டரை. இந்த மாதம் பஸ்ஸை ஒரு நாளும் தவறவிடவில்லை. பஸ் டிரைவர் தன் கைக்கடிகாரம் பிழையோ என்று பார்த்தார்.

சராசரி பதினொன்றரை.

அக்கா

*

மேல்கணக்கு
16.06.2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை விடவில்லை. தொழிற்சாலைக்கு மேலே மண் சரிந்து ஒரு நாள் பாதை இல்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள்ளால் ஏறினேன். நானூறு கிராம் குறைந்தது அன்றுதான் தெரிந்தது.

தினமும் காலையில் நிரோஜினி கட்டைப் பிரிக்கும்போது, 40ஆம் நம்பருக்கும் 42ஆம் நம்பருக்கும் நடுவில் பார்க்கிறேன். காளியாயியை இனிமேல் கேலி செய்யமாட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

*

கொழும்பு
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களைப் பயப்பட வைத்ததற்கு மன்னியுங்கள். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதையும் கிழித்தால் கடையில் தாள் இல்லை.

எனக்குத் தெரியும். அன்றே தெரியும். வந்த தேதியை உறையின் மூலையில் சிவப்பு மையால் எழுத வேண்டும் என்பது உங்கள் ஆபீஸ் வழக்கம். 07.07.2017 என்று இருந்தது. நீங்கள் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவீர்கள். மூன்று ஏழிலும் கோடு இருந்தது. நீங்கள் 'இன்னைக்குத்தான்' என்றது பதினேழாம் தேதி.

ஏன் மறைத்தீர்கள் என்று தெரியவில்லை. கல்யாணம் என்று நினைக்கவே இல்லை. நான் பந்தயம் என்று போய்விட்டால் வீட்டுக்கு ஆள் இல்லை என்று வேண்டுமென்றே வைத்தீர்களோ என்று நினைத்தேன். அம்மாவும் சேர்ந்தோ என்றுகூட நினைத்தேன். ஒரு வருஷம் உங்கள் மேல் கடும் கோபம். அதற்குப் பிறகு கடிதத்துக்காகக் கோபம் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று ஆபீஸைத் திட்டுவீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. அதனால்தான் வராமல் விட்டேன். நானும் வாய் திறக்கவில்லை, அது என் பிழை.

லாச்சியில் வைத்து மறந்துபோனது என்று வாசித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏழு வருஷம் நான் வேறு என்னவோ காரணம் தேடிக்கொண்டிருந்தேன். 'மே/பா. துரை' என்று எழுதியது என் கைதான். அதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

கினிகத்தேனையில் வான் கீழே நின்றது என்று எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் அவசரமும் இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மஸ்கெலியா பஸ் இரண்டு போனது.

இன்னொரு செய்தி. ஆகஸ்ட் 25ஆம் தேதி கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு சைக்கிள் சங்கம் மலையேற்றப் பந்தயம் வைக்கிறது. இருபத்தாறு வயது கிழவனையும் சேர்க்கிறார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். அனுமதிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவார்களாம், அது கையில் இல்லாவிட்டால் ஓட முடியாது. படிவத்தில் முகவரி கேட்டிருந்தது. கடை முகவரியை எழுதத் தொடங்கி, வெட்டிவிட்டு, இல. 41, மேல்கணக்கு என்று எழுதினேன். இந்தத் தடவை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

மழையில் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள். அம்மாவுக்கு முத்தம்.
தம்பி,
மதுரன்

*

மேல்கணக்கு
02.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஜூன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. அழுது நனைத்த தாளை நிரோஜினி பையில் போடமாட்டார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நாள் என்னோடு பேசவில்லை, மறுநாள் வழக்கம்போல ரொட்டி சுட்டுக் கொடுத்தார். இப்போது எல்லோரும் சுகம்.

நேற்று பரிசோதகர் மாத்தயா வந்தார். மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்தில் மண் சரிந்த அந்த ஒரு நாளைத் தவிர நான் ஒரு மணிக்கு முன் திரும்பாத நாள் இல்லை. அதைப் பார்த்துத் தலையாட்டினார். அதே மூன்று மாதத்தில் கடிதச் சராசரி பதினொன்று புள்ளி ஏழு. பன்னிரண்டு இல்லை. புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். பிறகு மூடிவிட்டு, "தவ மாச ஹயக் பலமு" என்றார். இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார். நிரந்தரமும் இல்லை, நிறுத்தவும் இல்லை. காளியாயி தினமும் வாசலில் நிற்கலாம்.

இன்று காலைப் பையில் ஒரு பதிவுத் தபால் இருந்தது. 'திரு. ப. மதுரன், இல. 41, மேல்கணக்கு.' சைக்கிள் சங்கத்தின் முத்திரை. கட்டில் போடாமல், லாச்சியிலும் வைக்காமல், சட்டைக்குள் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தேன். பத்தரை மணிக்கு நம் வாசலில் நின்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "குடு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

வீட்டில் யார் கையெழுத்துப் போட்டாலும் விதிப்படி போதும். நான் கொடுக்கவில்லை. 'பெறுநர் வீட்டில் இல்லை' என்று எழுதித் திரும்பக் கொண்டுபோய் நிரோஜினியின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். ஏழு நாள் வைத்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள், அதற்குப் பிறகு அனுப்பியவருக்கே போய்விடும். இந்தக் கடிதம் உன் கைக்குத் திங்கள் அல்லது செவ்வாய் வரும். அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் அதை எடுத்துக்கொண்டு மேலே வருவேன். உன் கையில்தான் கொடுப்பேன். பத்தரைக்கு வீட்டில் இரு.

அக்கா,
வினோதா